யுனிவர்சல் ஸ்டூடியோ சுற்றுலா

யுனிவர்சல் ஸ்டூடியோ சுற்றுலா என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியைச் சேர்ந்த யுனிவர்சல் சிட்டி என்னுமிடத்தில் நடத்தப்படும் திரைப்படப் படப்பிடிப்புத் தளச் சுற்றுலா ஆகும். இது யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஹாலிவுட் கேளிக்கைப் பூங்காவின் ஒரு பகுதி. ஆயினும் பூங்காவினுள் பின்னாளில் சேர்க்கப்பட்ட ஒன்றாக இதனைக் கருதுவது தவறு. 1964 ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சுற்றுலாவே முதலில் தோன்றியது. அதனைச் சுற்றியே பூங்கா வளர்ந்தது. திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் இன்றும் எடுக்கப்படும் தளத்தின் ஊடாகவே பயணிகள் வண்டிகளில் அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

வரலாறு

யுனிவர்சல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கார்ல் லெம்லி, சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் கோழிப்பண்ணையாக இருந்த சுமார் 230 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1915 மார்ச் 15 அன்று யுனிவர்சல் சிட்டியைத் திறந்துவைத்தார். தொடக்கம் முதலே பொதுமக்கள் 25 சென்ட் கட்டணம் செலுத்திப் படப்பிடிப்பைப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். இக்கட்டணத்தில் மதிய உணவுப் பொட்டலமும் அடங்கும். அக்காலத் திரைப்படங்கள் மௌனப் படங்கள் என்பதால், பார்வையாளர்கள் படிவரிசை இருக்கைகளில் அமர்ந்து கைதட்டுவதோ கூச்சலிடுவதோ படப்பிடிப்பிற்கு இடையூறாகவில்லை. பேசும் படங்கள் வந்தபின் தளத்தில் அமைதி இன்றியமையாததாயிற்று. இதனால் 1930 ஆம் ஆண்டையொட்டிப் பொதுமக்கள் வருகை நிறுத்தப்பட்டது.

1958 ஆம் ஆண்டில் இந்நிலத்தை எம்.சி.ஏ நிறுவனம் வாங்கியது. 1962 இல் யுனிவர்சல் படநிறுவனமும் அதன் கைக்கு வந்தது. ஸ்டூடியோ உணவகத்தின் வருவாயைப் பெருக்கும் நோக்கமே புதிய சுற்றுலாவிற்கு வித்திட்டது என்பர். 1964 ஜூலை 15 அன்று, இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த கோடுகள் கொண்ட கூரையுடைய வண்டித்தொடர்களுடன் இது தொடங்கியது. தண்டவாளத்தில் அல்லாது சாலையில் ஓடினாலும் இவ்வண்டிகள் 'டிராம்' என்றே அழைக்கப்படுகின்றன.

இயக்குநர் ஸ்டீவன் ஸ்பில்பேர்க், தாம் சிறுவயதில் இச்சுற்றுலாவிற்கு வந்தபோது வண்டியிலிருந்து நழுவி ஸ்டூடியோவினுள் ஒளிந்துகொண்டதாகப் பலமுறை கூறியுள்ளார். இக்கதையின் விவரங்கள் நேர்காணலுக்கு நேர்காணல் மாறுபடுகின்றன என்பதும் குறிப்பிடத்தக்கது.

சுற்றில் காண்பவை

சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். வழியில் காண்பவற்றை மூவகையாகப் பிரித்துக்கொண்டால் பயணிக்குக் குழப்பம் குறையும். உண்மையில் படம் எடுக்கப்பட்ட தளங்கள் ஒரு வகை. படத்திற்குப் பயன்பட்ட பொருள்களைக் கொண்டு பார்வையாளர்களுக்காக ஒழுங்குசெய்யப்பட்டவை மற்றொரு வகை. எந்தப் படத்திலும் இடம்பெறாமல் சுற்றுலாவிற்கென்றே கட்டப்பட்ட காட்சிகள் மூன்றாம் வகை. வழிகாட்டியின் விளக்கத்தில் இம்மூன்றும் ஒரே மூச்சில் வருவதால் பலரும் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு நீதிமன்றச் சதுக்கம். 1985 இல் வெளிவந்த 'பேக் டு த பியூச்சர்' திரைப்படத்தின் மணிக்கூண்டுக் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டவை. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் வரும் வீடும் இங்கு உள்ளது; எனினும் அது முதலில் நின்ற இடத்திலிருந்து பின்னர் மாற்றப்பட்டது. அருகிலுள்ள பேட்ஸ் விடுதியில், நடிகர் ஒருவர் கத்தியுடன் வண்டியை நோக்கி வரும் சிறு காட்சி நடித்துக்காட்டப்படுகிறது. கட்டடங்களுள் பெரும்பாலானவை முகப்பு மட்டுமே கொண்டவை. பின்புறம் சென்று பார்த்தால் மரச்சட்டங்களும் முட்டுக்கால்களுமே தெரியும். மேற்கத்தியக் குதிரைவீரர் படங்களுக்கான தெருவில், நாயகன் உயரமாகத் தோன்றும்பொருட்டுச் சில கதவுகள் சிறியனவாகச் செய்யப்பட்டன என்று வழிகாட்டிகள் கூறுவர்.

இரண்டாம் வகையில் மனத்தில் நிற்பது 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (2005) படத்தின் விமான விபத்துக் காட்சி. இதற்கெனப் பணி ஓய்வு பெற்ற போயிங் 747 விமானம் ஒன்று வாங்கித் துண்டாடப்பட்டது. ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் இயக்கிய விமானம் அது. உடைந்த உடற்பகுதிகளுக்கு நடுவே வண்டி மெதுவாகச் செல்கிறது. சுற்றில் காணும் அழிவுகளுள் உண்மையான பொருளால் ஆனது இது ஒன்றே எனலாம்.

மூன்றாம் வகை பெரும்பாலும் செயற்கைப் பேரிடர்கள். 1968 இல் திடீர் வெள்ளக் காட்சியும், 1973 இல் செங்கடல் பிளக்கும் காட்சியும், அடுத்த ஆண்டில் இடிந்து விழும் பாலமும் சேர்க்கப்பட்டன. 1976 இல் 'ஜாஸ்' சுறா வந்தது. அப்படத்தின் கடல் காட்சிகள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் எடுக்கப்பட்டவை. இங்குள்ள குளத்தில் அல்ல. 1986 இல் அமைக்கப்பட்ட, சுமார் 30 அடி உயரமுள்ள இயந்திர கிங்காங்கும் அவ்வாறே. 1976 ஆம் ஆண்டின் கிங்காங் படத்தை வெளியிட்டது போட்டி நிறுவனமான பாரமவுண்ட். அக்குரங்கின் மூச்சில் வாழைப்பழ வாசனை வீசுமாறு செய்திருந்தனர்.

1989 இல் தொடங்கிய நிலநடுக்கக் காட்சி, ஒரு கட்டடத்தினுள் சுரங்க இரயில் நிலையமாக அமைக்கப்பட்டது. வண்டி உள்ளே நுழைந்ததும் தரை அதிர்ந்து, கூரை பிளந்து, சரக்குந்து சரிந்து, தீயும் வெள்ளமும் எழும். சிறிது நேரத்தில் அனைத்தும் இயந்திரங்களால் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். இதே பள்ளத்தாக்கிலுள்ள நார்த்ரிட்ஜில் 1994 சனவரியில் உண்மையான நிலநடுக்கம் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தனர்.

2008 தீ விபத்து

2008 சூன் 1 அன்று அதிகாலையில் தளத்தில் பெருந்தீ மூண்டது. நியூயார்க் தெரு முகப்புக் கட்டடம் ஒன்றின் கூரையில் பணியாளர்கள் வெப்பம் பாய்ச்சும் கருவியைக் கொண்டு வேலை செய்ததே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. நியூயார்க் தெருவின் பெரும்பகுதியும் கிங்காங் காட்சியும் எரிந்தன. காணொளி நாடாக்களும் படச்சுருள்களும் வைக்கப்பட்டிருந்த கிடங்கும் எரிந்தது. படங்களுக்கு வேறிடங்களில் பிரதிகள் உள்ளன என்று நிறுவனம் தெரிவித்தது. அன்றைய செய்திகளில் இயந்திரக் குரங்கின் அழிவே பெரிதாகப் பேசப்பட்டது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2019 சூனில், நியூயார்க் டைம்ஸ் இதழ் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டது. அதே கிடங்கில் யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் இசை மூலப்பதிவுகளும் இருந்தன என்றும், சக் பெரி, பட்டி ஹாலி, பில்லி ஹாலிடே முதலியோரின் பதிவுகள் அழிந்திருக்கலாம் என்றும் அது கூறியது. மூலப்பதிவு என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் முதன்முதலில் பதியப்பட்ட நாடா. விற்பனைக்கு வரும் இசைத்தட்டுகள் யாவும் அதன் படிகளே. புதிய தொழில்நுட்பத்தில் தெளிவாக மீண்டும் வெளியிட மூலப்பதிவு தேவை. படியிலிருந்து அதனை மீட்க இயலாது. இழப்பின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்று குழுமம் மறுத்தது. இசைக்கலைஞர்கள் சிலர் தொடுத்த வழக்கு 2020 இல் தள்ளுபடியானது. ஆயினும் சில கலைஞர்களின் பதிவுகள் பாதிக்கப்பட்டதைக் குழுமமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

எரிந்த தெருக்கள் மீண்டும் கட்டப்பட்டு 2010 இல் திறக்கப்பட்டன. அதே ஆண்டு சூலையில், இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் பங்களிப்புடன் முப்பரிமாணத் திரையில் புதிய கிங்காங் காட்சி தொடங்கியது. இன்று சுற்றிவரும் பயணி காணும் நியூயார்க் தெரு, ஏற்கெனவே போலியாக இருந்த ஒன்றின் மறுபடியாகும். மூலப்பதிவுகள் இருந்த கிடங்கைப் பற்றி அங்கு காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பிற மாற்றங்கள்

1925 ஆம் ஆண்டின் 'பேண்டம் ஆஃப் த ஓப்பரா' மௌனப் படத்திற்காகக் கட்டப்பட்ட 28 ஆம் எண் படப்பிடிப்புக் கூடம் 2014 இல் இடிக்கப்பட்டது. உள்ளிருந்த அரங்க அமைப்பு கழற்றிச் சேமித்து வைக்கப்பட்டது. 'பாஸ்ட் அண்ட் பியூரியஸ்' படவரிசையைத் தழுவிய காட்சி 2015 முதல் 2025 வரை சுற்றின் முடிவில் இடம்பெற்றது. 2024 ஏப்ரலில் வண்டித்தொடரின் கடைசிப் பெட்டி தடுப்புக் கம்பியில் மோதியதில் 15 பேர் காயமுற்றனர்.

பயணிகளுக்கான குறிப்புகள்

சுற்றுலாவிற்குத் தனிக் கட்டணம் இல்லை. பூங்கா நுழைவுச்சீட்டிலேயே அடங்கும். ஆங்கிலம் தவிர எசுப்பானியம், மாண்டரின் மொழிகளிலும் விளக்கம் அளிக்கப்படும் வண்டிகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்திலிருந்து சுரங்க இரயிலில் வரலாம். 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யுனிவர்சல் சிட்டி நிலையம் மலையடிவாரத்தில் உள்ளது. பூங்கா மூடுவதற்கு முன்பாகவே கடைசி வண்டி புறப்பட்டுவிடும் என்பதால் முற்பகலிலேயே செல்வது நன்று. படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் சில தெருக்கள் மூடப்பட்டு வழி மாற்றப்படும். சுற்றின்போது வண்டியிலிருந்து இறங்க அனுமதியில்லை. கூடுதல் கட்டணமுள்ள சிறப்புச் சுற்றில் வருவோர் மட்டும் தளங்களில் இறங்கி நடக்கலாம். கட்டட முகப்புகளின் பின்புறத்தைக் காண விரும்புவோர்க்கு அதுவே வழி.