பகுதி ஒளியிழை அகலப்பட்டை

பகுதி ஒளியிழை அகலப்பட்டை என்பது, ஒரு பகுதி ஒளியிழை வடத்தாலும், பயனரின் வீட்டை அடையும் எஞ்சிய பகுதி செப்புக் கம்பியாலும் அமைந்த இணைய இணைப்பைக் குறிக்கும். இவ்வகை இணைப்புகள் பல நாடுகளில் "ஃபைபர்" என்ற பெயரிலேயே விளம்பரப்படுத்தப்பட்டு விற்கப்பட்டுள்ளன. வீடு வரை ஒளியிழை வரும் இணைப்புக்கும் இதற்கும் வேகம், நம்பகத்தன்மை, பதிவேற்றத் திறன் ஆகியவற்றில் வேறுபாடு இருப்பதால், "ஃபைபர்" என்ற சொல்லை எந்த இணைப்புக்குப் பயன்படுத்தலாம் என்பது நுகர்வோர் உரிமை சார்ந்த கேள்வியாக எழுந்தது. பிரான்சு, இத்தாலி, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் இதற்கென விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

இணைப்பு வகைகள்

ஒளியிழை எந்த இடத்தில் முடிகிறது என்பதைக் கொண்டு இணைப்புகள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

* வீடு வரை ஒளியிழை: ஒளியிழை வீட்டிற்குள் உள்ள கருவி வரை வரும். இது முழு ஒளியிழை எனவும் எஃப்.டி.டி.எச் எனவும் அழைக்கப்படும்.
* கட்டடம் வரை ஒளியிழை: அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளம் வரை ஒளியிழை வரும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் ஈதர்நெட் வடமோ தொலைபேசிக் கம்பியோ செல்லும்.
* தெருப்பெட்டி வரை ஒளியிழை: தெருவோரம் நிறுவப்பட்ட பெட்டி வரை ஒளியிழை வரும். அதன்பின் சில நூறு மீட்டர் தொலைவுக்குப் பழைய தொலைபேசிச் செப்பு இணை பயன்படும். இது எஃப்.டி.டி.சி எனப்படும்.
* ஒளியிழை-இணையச்சு வடக் கலப்பு: கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் பயன்படுத்துவது. பகுதி முனை வரை ஒளியிழையும், அதன்பின் தொலைக்காட்சிக்கான இணையச்சு வடமும் அமையும். இணையச்சு வடத்தின் கடத்தியும் செம்பே.

தமிழகத்தின் சிறு நகரங்களில் வேறொரு அமைப்பும் காணப்படுகிறது. கேபிள் தொலைக்காட்சி நடத்துவோர் மின்கம்பத்தில் பொருத்திய பெட்டி வரை ஒளியிழையைக் கொண்டு வந்து, அங்குள்ள சுவிட்சிலிருந்து அண்டை வீடுகளுக்கு ஈதர்நெட் வடம் இழுப்பர். ஈதர்நெட் தரப்படி இவ்வடத்தின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

தொழில்நுட்பப் பின்னணி

ஓர் இணைப்பின் வேகத்தை அதன் மிகக் குறுகிய பகுதியே தீர்மானிக்கிறது. அகன்ற வாய்க்காலில் எவ்வளவு நீர் வந்தாலும், வயலுக்குச் செல்லும் மடை சிறிதாயின் அந்த அளவே பாயும். பகுதி ஒளியிழை இணைப்பில் அந்த மடை, வீட்டை அடையும் செப்புக் கம்பியாகும்.

தொலைபேசிச் செப்பு இணைகள் சுமார் 4 கிலோஹெர்ட்சு வரையிலான குரல் அலைகளுக்காக இடப்பட்டவை. அதே கம்பியில் இணையத் தரவை அனுப்ப மிகை அதிர்வெண்கள் தேவைப்படுகின்றன. ஏ.டி.எசு.எல்2+ முறை சுமார் 2.2 மெகாஹெர்ட்சு வரையிலும், வி.டி.எசு.எல்2 முறை 17 அல்லது 30 மெகாஹெர்ட்சு வரையிலும் பயன்படுத்துகின்றன. அதிர்வெண் கூடக் கூட, கம்பியின் நீளத்தில் குறிகை வலுவிழப்பதும் கூடுகிறது. எனவே செப்பு இணைப்பில் வேகம் தொலைவைப் பொறுத்தது. ஏ.டி.எசு.எல்2+ முறையின் உச்சம் நொடிக்கு 24 மெகாபிட். இணைப்பகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டில் இதில் சிறு பங்கே கிடைக்கும். வி.டி.எசு.எல்2 முறை சில நூறு மீட்டருக்குள் நொடிக்கு 100 மெகாபிட் வரை தரவல்லது. ஆனால் ஒரு கிலோமீட்டரைக் கடந்தால் அதன் மேம்பாடு பெரிதும் மறைந்துவிடுகிறது.

ஒரே வடத்தில் செல்லும் பல செப்பு இணைகள் ஒன்றையொன்று இடையூறு செய்வதும் உண்டு. இது குறுக்குப்பேச்சு எனப்படும். இதை எதிர்க்குறிகைகளால் நீக்கும் நுட்பம் வெக்டரிங் ஆகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதனை 2010ஆம் ஆண்டு ஜி.993.5 என்ற தரமாக வெளியிட்டது.

ஒளியிழையில் குறிகை இழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 0.2 முதல் 0.4 டெசிபெல் மட்டுமே. இதனால் வீடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜி.பி.ஓ.என் முறை, இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவுமின்றி 20 கிலோமீட்டர் வரை செல்கிறது. ஓர் இழையில் பதிவிறக்கத்திற்கு நொடிக்கு 2.488 கிகாபிட்டும், பதிவேற்றத்திற்கு 1.244 கிகாபிட்டும் கிடைக்கும். இதனை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம்.

பயனருக்கு ஏற்படும் வேறுபாடுகள்

* பதிவிறக்கம்: 1 கிகாபைட் அளவுள்ள கோப்பு, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 80 நொடிகளில் வந்துசேரும். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் அதற்கு சுமார் 33 நிமிடங்கள் ஆகும்.
* பதிவேற்றம்: ஏ.டி.எசு.எல்2+ முறையில் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1 மெகாபிட் அளவினது. 100 மெகாபைட் கோப்பை அனுப்ப இதில் 13 நிமிடங்களுக்கு மேல் ஆகும். இணையவழி வகுப்பு, காணொளி நேர்காணல், விண்ணப்ப ஆவணங்களை ஏற்றுதல் ஆகியவை பதிவேற்ற வேகத்தைச் சார்ந்தவை.
* இடி, மழை: செம்பு மின்கடத்தி. அருகில் மின்னல் தாக்கினால் கம்பி வழியே மின்னெழுச்சி வந்து மோடமும் சுவிட்சும் பழுதாகலாம். இணைப்புகளில் ஈரம் புகுந்தால் வேகம் குறையும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை.
* மின்தடை: தெருப்பெட்டியிலோ மின்கம்பத்திலோ உள்ள கருவிக்கு மின்சாரம் தேவை. அங்கு மின்கலம் இல்லையெனில், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணைப்பு துண்டிக்கப்படும். ஜி.பி.ஓ.என் முறையில் இடைவழியிலுள்ள பிரிப்பிக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

முழு ஒளியிழை என்பதாலேயே விளம்பர வேகம் உறுதியாகிவிடுவதில்லை. வழங்குநர் வாங்கிவைத்துள்ள அலைவரிசைக் கொள்ளளவு, பகிரும் வீடுகளின் எண்ணிக்கை, வீட்டிலுள்ள வை-ஃபை கருவி ஆகியவையும் வேகத்தைக் குறைக்கலாம். அதேபோல், தெருப்பெட்டிக்கு மிக அருகிலுள்ள வீட்டில் பகுதி ஒளியிழை இணைப்பு நிறைவாகவே இயங்கும்.

பெயர் குறித்த விவாதம்

வீதி வரை ஒளியிழை வருவதால் "ஃபைபர்" என்பது பொய்யன்று என்பது வழங்குநர்கள் தரப்பு வாதம். வாடிக்கையாளருக்கு வேகமே முக்கியம், கம்பியின் வகை அன்று என்றும் அவர்கள் கூறுவர்.

இதற்கு எதிரான வாதம் பின்வருமாறு அமைகிறது. நகரங்களுக்கிடையேயான தொலைத்தொடர்புத் தடங்கள் பல பத்தாண்டுகளாகவே ஒளியிழையால் ஆனவை. பாதையில் எங்கோ ஒளியிழை இருந்தால் போதுமெனில், பழைய ஏ.டி.எசு.எல் இணைப்பையும் கைப்பேசி இணையத்தையும்கூட "ஃபைபர்" எனலாம். அச்சொல்லுக்குப் பொருள் இல்லாமற் போகும். மேலும் உண்மையாகவே வீடு வரை ஒளியிழை இடுபவர் செய்யும் பெருஞ்செலவு, அவ்வாறு செய்யாதவரும் அதே பெயரைப் பயன்படுத்துவதால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிற நாடுகளில்

பிரான்சில் 2016 மார்ச்சில் வெளியான அரசாணை, வீட்டிற்குள் வரும் இணைப்பு ஒளியிழையாக இல்லாதபோது "ஃபைபர்" என விளம்பரம் செய்தால், வீட்டு இணைப்பு எவ்வகை வடம் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும் என்றது.

இத்தாலியில் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் 2018ஆம் ஆண்டு வண்ணக் குறிகளை அறிமுகப்படுத்தியது. வீடு அல்லது கட்டடம் வரை ஒளியிழை வந்தால் பச்சை, தெருப்பெட்டி வரை மட்டும் வந்தால் மஞ்சள், மற்றவற்றுக்குச் சிவப்பு என அவை அமைந்தன. அதே ஆண்டு அந்நாட்டுச் சந்தைப் போட்டி ஆணையம், ஒளியிழை விளம்பரங்களுக்காக டெலிகாம் இத்தாலியா நிறுவனத்திற்கு 48 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

ஐக்கிய இராச்சியத்தில் விளம்பரத் தர ஆணையம், பகுதி ஒளியிழை இணைப்பை "ஃபைபர்" என அழைப்பது பெரும்பாலான நுகர்வோரைத் திசைதிருப்பவில்லை என 2017 நவம்பரில் முடிவு செய்தது. முழு ஒளியிழை வலையமைப்பை அமைத்துவந்த சிட்டிஃபைபர் நிறுவனம் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. எனினும் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2023 திசம்பரில் வேறு நிலைப்பாட்டை எடுத்தது. ஒப்பந்தத்திற்கு முன் வாடிக்கையாளருக்குத் தரும் தகவலில், வீடு வரை ஒளியிழை உள்ள இணைப்பை மட்டுமே "ஃபைபர்" எனக் குறிக்க வேண்டும் என்ற அதன் வழிகாட்டுதல் 2024 செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆத்திரேலியாவில் சிக்கல் பெயரைவிட வேகத்தைச் சார்ந்து எழுந்தது. 2009ஆம் ஆண்டு பெரும்பாலான வீடுகளுக்கு முழு ஒளியிழை எனத் திட்டமிடப்பட்ட தேசிய அகலப்பட்டை வலையமைப்பு, 2013ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் செம்பும் கலந்த திட்டமாக மாற்றப்பட்டது. செப்புக் கம்பியில் எட்ட முடியாத வேகத் திட்டங்களை விற்றுவிட்டு, அதனை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காததற்காக டெல்சுட்ரா, ஆப்டசு, டி.பி.ஜி ஆகிய நிறுவனங்களுக்கு 2022 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் மொத்தம் 3.35 கோடி ஆத்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

இந்தியாவில்

பி.எசு.என்.எல் நிறுவனம் 2005 சனவரியில் தொலைபேசிக் கம்பி வழியே அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் அகலப்பட்டை என்பதன் குறைந்தபட்ச வேகம், 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் ஆகும். இவ்வளவு 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023 சனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வரையறை வேகத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. கம்பி செம்பா கண்ணாடியா என்பதை அது கேட்பதில்லை.

"ஃபைபர்" என்ற பெயர் செப்பு இணைப்புக்குச் சூட்டப்பட்டமைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு சென்னையில் தொடங்கியது. ஏர்டெல் நிறுவனம் 2016 அக்டோபரில் "வி-ஃபைபர்" என்ற சேவையை முதலில் சென்னையில் அறிமுகப்படுத்தியது. இது வெக்டரிங் நுட்பத்தின் அடிப்படையில் நொடிக்கு 100 மெகாபிட் வரை தரும் என அறிவிக்கப்பட்டது. பழைய வாடிக்கையாளர்கள் மோடத்தை மட்டும் மாற்றி இதற்கு மாறலாம். வெக்டரிங் என்பது செப்பு இணைகளுக்கான நுட்பம் என்பதை அறிந்தவருக்கு இது செப்புக் கம்பி என விளங்கும். பெயரை மட்டும் படித்தவருக்கு விளங்காது. இந்நிறுவனம் பின்னர் வீடு வரை ஒளியிழை இணைப்புகளையும் விரிவாக்கி, 2019ஆம் ஆண்டு "எக்சுட்ரீம் ஃபைபர்" என்ற பெயருக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சியோ ஃபைபர் வணிகச் சேவை தொடங்கியது. பி.எசு.என்.எல் தன் வீடு வரை ஒளியிழைச் சேவைக்கு "பாரத் ஃபைபர்" என்ற பெயரைப் பயன்படுத்துகிறது.

பென்னாகரமும் ஊராட்சி வரை ஒளியிழையும்

ஊரகப் பகுதிகளில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், வட்டத்திற்கும் ஊராட்சி ஒன்றியத்திற்கும் தலைமையிடமான பேரூராட்சி ஆகும். ஒகேனக்கல் அருவி இவ்வட்டத்தில் அமைந்துள்ளது. மலையும் காடும் சூழ்ந்த இத்தகைய வட்டங்களில் ஒரு கிராம ஊராட்சி என்பது ஒரே ஊரன்று. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல குக்கிராமங்களின் தொகுதி.

நாட்டின் கிராம ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. 2015இல் இது பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஓர் ஊராட்சி "ஒளியிழையால் இணைக்கப்பட்டது" எனும்போது, இழை முடியும் இடம் பொதுவாக ஊராட்சி அலுவலகம் போன்ற ஒரு பொதுக்கட்டடமே. அங்கிருந்து வீட்டிற்கு ஒளியிழை நீட்டப்படலாம். செப்பு வடமோ வானலையோ பயன்படலாம். எதுவும் செல்லாமலும் இருக்கலாம். இணைப்பகத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள குக்கிராமத்தில் செப்புக் கம்பி வழி அகலப்பட்டை ஏறத்தாழ பயனற்றது. அதே தொலைவு ஒளியிழைக்கு ஒரு பொருட்டன்று. ஆகவே நகரத்துத் தெருவைவிட இங்கு இழை முடியும் இடம் எது என்பது முதன்மையான கேள்வியாகிறது. பட்டியலில் ஊராட்சி இணைக்கப்பட்டிருப்பது, அங்குள்ள மாணவர் வீட்டில் இணைப்பு இருப்பதாகப் பொருள்படாது.

இணைப்பை அடையாளம் காணல்

வீட்டிற்குள் வரும் வடத்தையும் அது சேரும் கருவியையும் கொண்டு இணைப்பின் வகையை எளிதில் அறியலாம்.

* மெல்லிய வடம், நுனியில் பச்சை அல்லது நீல நிறச் சதுரச் செருகி, கருவியில் "பான்", "லாஸ்" என்ற விளக்குகள் இருப்பின் அது முழு ஒளியிழை.
* தொலைபேசியில் செருகுவது போன்ற சிறு செருகி மோடத்தில் சேர்ந்தால் அது தொலைபேசிச் செப்பு இணை.
* தொலைக்காட்சி வடம் போன்ற தடித்த, திருகும் முனை கொண்ட வடம் இணையச்சு வடம்.
* கணினி வலையமைப்புச் செருகியுடன் வெளியிலிருந்து வரும் வடம் ஈதர்நெட். ஒளியிழை தெருவிலோ கட்டடத்தின் அடித்தளத்திலோ முடிந்துவிட்டது.

இணைப்புப் பெறுமுன் "ஒளியிழை எங்கு முடிகிறது?", "பதிவேற்ற வேகம் எவ்வளவு?" என்ற இரு கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுவது பின்னர் முறையிட உதவும்.

சட்ட நிலையும் முறையீடும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 திசைதிருப்பும் விளம்பரத்தை வரையறுக்கிறது. இச்சட்டத்தின்கீழ் 2020இல் அமைந்த மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். 2022 சூனில் வெளியான வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தின் அடிக்குறிப்பு முதன்மைக் கூற்றுக்கு முரணாக இருக்கக் கூடாது. முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது. கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும்.

இணைப்பில் குறையிருப்பின் முதலில் வழங்குநரின் குறைதீர் மையத்தில் பதிவு செய்து முறையீட்டு எண் பெற வேண்டும். தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும். தொலைத்தொடர்புச் சேவை குறித்த முறையீடுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* ஒளியிழை
* அகலப்பட்டை
* பாரத்நெட்
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* பென்னாகரம்