நடுக்குவாதமும் உளநெருக்கீடும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயொன்றின் வரலாறு அதற்கான மருந்து கண்டறியப்பட்ட வரலாறு மட்டுமன்று. நோயாளியிடத்து எதனைக் காணவேண்டும், எதனைக் கேட்கவேண்டும் என மருத்துவம் காலந்தோறும் தீர்மானித்து வந்த வரலாறும் அதுவேயாகும். பார்க்கின்சன் நோய் என வழங்கும் நடுக்குவாதம் இதற்குத் தக்க சான்றாகும். இந்நோயுடையார் உளநெருக்கீட்டுக்கு உள்ளாகுமிடத்து, நாள்தோறும் பயன்தந்த மருந்தும் போதாமற் போவதுண்டு. இவ்வுண்மை எவ்வாறு உணரப்பட்டது, எவ்வாறு பின்தள்ளப்பட்டது, மீண்டும் எவ்வாறு ஆய்வுப் பொருளாயிற்று என்பன ஆராயத்தக்கன.

லண்டன் நகரின் ஹொக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோய் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார். அதற்கு ஆதாரமானோர் அறுவரே; அவர்களுள்ளும் சிலர் அவர் தெருவிற் கண்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸின் சல்பெற்றியேர் மருத்துவமனையைச் சேர்ந்த சார்க்கோ இந்நோயைப் பிற நடுக்க நோய்களினின்றும் பிரித்துக் காட்டி, அதற்குப் பார்க்கின்சனின் பெயரையே இட்டார். அச்சம், துயரம் முதலிய உணர்ச்சிகளை நோயின் காரணங்களாகவும் அவர் எண்ணினார். இக்கருத்தைப் பிற்கால ஆய்வு நிறுவவில்லை. ஆயினும் உணர்ச்சி மிகும்போது நடுக்கமும் மிகும் என்ற நேரடி அவதானிப்பு நிலைத்து நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வின் திசை மாறியது. அம்மாற்றத்திற்கு நம் பிராந்தியத்து மூலிகையொன்றும் காரணமாயிற்று. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பின், உயர் குருதி அமுக்கத்திற்கும் உளக் கொந்தளிப்பிற்கும் வழங்கப்பட்டது. அதனை உட்கொண்டோர் சிலரிடம் நடுக்குவாதத்தை ஒத்த விறைப்பும் தோன்றியது. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரெசர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளைச் செலுத்த, அவை மீண்டும் இயங்கின. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகிவிச்சும், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருந்தமையைக் காட்டினர். மறு ஆண்டில் அந்நகரிலேயே பிர்க்மையரும் ஹோர்னிகிவிச்சும் லெவோடோப்பாவை நோயாளர்க்கு ஊசி வழியாக ஏற்றினர். 1967இல் அமெரிக்காவில் கொட்சியாஸ், டோப்பாவை வாய்வழியாகச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பெருமளவில் வழங்கி, நீடித்த பயன் கண்டார்.

இவ்வெற்றி மகத்தானது, படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால் அதனோடு ஓர் எண்ணமும் வேரூன்றியது. குறைந்த பொருளை நிரப்பினால் நோய் அடங்கும். அடங்காவிடின் அளவைக் கூட்டவேண்டும் என்பதே அவ்வெண்ணம். நோயாளியின் அச்சமும் கவலையும் இக்கணக்கிற்குப் புறம்பாயின.

எனினும் கணக்கு முழுமையாக ஒத்துவரவில்லை. லெவோடோப்பா வெற்றி பெற்ற அதே 1960களில், இங்கிலாந்தில் மாஸ்டன், ஓவன் ஆகியோர் உணர்ச்சிக்கேற்ப நடுக்கம் மாறுபடுவதன் காரணத்தை ஆராய்ந்து, அதிரனலினுக்கு அதிற் பங்குண்டு என எடுத்துக்காட்டினர். டோபமின் குறைவு மட்டுமே இந்நோயின் முழு விளக்கமன்று என்பதற்கு இது முற்குறிப்பாயிற்று.

நோயாளியைக் கைகளை மடிமீது வைத்து அமரச் செய்து, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து வரச் சொன்னால், அடங்கியிருந்த நடுக்கமும் வெளிப்படுவதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர் இதனையே கருவியாக்கி அளந்தனர். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஓய்வு நிலையில் லெவோடோப்பா நடுக்கத்தைக் குறைக்கும் அளவிற்கு மனக்கணக்கின்போது குறைப்பதில்லை. உடலிலிருந்து மருந்து நீங்கிவிடவில்லை. எனினும் அதன் ஆற்றல் குன்றிக் காணப்பட்டது. மனச்சுமையின்போது மூளையின் விழிப்பூட்டும் தொகுதி வேறொரு வழியால் நடுக்கத்தை வலுப்படுத்துகின்றது என அவர்களது 2020ஆம் ஆண்டு ஆய்வு சுட்டியது. நோரதிரனலின் அவ்வழியிற் பங்கேற்பதாகக் கருதப்படுகின்றது. டோபமினை மட்டும் நிரப்பும் மருந்து அவ்வழியை அடைப்பதில்லை.

வயிறும் இங்கு கருதத்தக்கது. லெவோடோப்பா சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகின்றது. இரைப்பை வெறுமையாவது தாமதித்தால் மருந்தின் பயனும் தாமதிக்கும். இந்நோயே இரைப்பையை மந்தமாக்கும். உளநெருக்கீடும் அவ்வாறு செய்யவல்லது. ஆகவே, மருந்து பயன்தரவில்லை என்ற ஒரே முறைப்பாட்டிற்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருத்தல் கூடும்.

உளத்தின் செல்வாக்கு ஒருதிசைப்பட்டதுமன்று. அசைய இயலாதிருந்த நோயாளி திடீர் ஆபத்தின்போது எழுந்து ஓடுவதுண்டு. இம்முரண்நிலைக்குப் பிரெஞ்சு மருத்துவர் சூக் 1921இல் பெயரிட்டார். மேலும், மருந்து கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு வெற்றூசி பெற்ற நோயாளரின் மூளையிலும் டோபமின் சுரந்ததைக் கனடாவின் வன்கூவர் நகரில் நடந்த ஆய்வொன்று 2001இல் காட்டியது. உளம் மருந்தைக் குன்றச் செய்வதுபோல அதற்குத் துணைநிற்கவும் வல்லது என்பது இதனாற் புலனாகும்.

இவ்வரலாறு நடைமுறைக்கு உணர்த்துவது தெளிவு. நடுக்கம் மிகுந்தவுடன் மருந்தின் அளவைக் கூட்டுவது எப்போதும் தீர்வாகாது. அளவு மிகின் கட்டுப்பாடற்ற அசைவுகளும் மனமயக்கமும் நேரலாம். அதுபோலவே, எல்லாம் மனப்பிரமை என நோயாளியைக் கடிவதும் தவறு. அவர் நடுங்குவது மூளையில் உண்மையாக நிகழும் மாற்றத்தினாலாகும். 5000 நோயாளரிடம் தகவல் திரட்டி 2021இல் வெளியான ஆய்வொன்றிலும், உளநெருக்கீட்டால் மிகவும் மோசமடைவது நடுக்கமே என அவர்கள் கூறினர். மருந்தை எப்போது, எவ்வளவு உட்கொண்டீர் என்று வினவும் மருத்துவர், அவ்வேளையில் எது உம்மை வருத்தியது என்றும் வினவுதல் வேண்டும். சார்க்கோ காரணத்திற் பிழைத்தாராயினும், கண்ட காட்சியிற் பிழைக்கவில்லை. இரசாயனம் தந்த அறிவைக் கைவிடாது அக்காட்சியையும் அதனோடு சேர்த்து நோக்குவதே இன்றைய மருத்துவத்தின் கடனாகும்.