கண்டி ஏரியின் அலைச்சுவரும் ஒளிப்படக்கலையும்

கண்டி நகரின் நடுவே தலதா மாளிகையை ஒட்டிக் கிடக்கும் செயற்கை ஏரியையும், அதன் கரையில் மேகமாகவும் அலையாகவும் வளைந்தோடும் வெள்ளைச் சுவரையும் படம் பிடிக்கும் மரபு சுமார் நூற்றைம்பது ஆண்டு பழையது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள மலைநகரம். கடற்கரைக்கு அங்கே வழியில்லை. இருந்தும் இலங்கையில் அலையையும் கரையையும் படமெடுத்த கதையைச் சொல்லப் புகுந்தால் கண்டியைத் தாண்டிப் போக முடியாது. நாட்டின் பெயர்பெற்ற ஆரம்பகால ஒளிப்பட நிலையங்களில் சில இங்கேதான் இயங்கின.

ஏரியை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வழிவந்த இவருக்குக் கண்ணுச்சாமி என்பது இயற்பெயர். மாளிகைக்கு அருகே இருந்த வயல்வெளிக்குக் குறுக்கே 1807இல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். சிங்களத்தில் இதற்குக் ‘கிரி முஹுத’ என்று பெயர். பாற்கடல் என்று பொருள். நடுவிலுள்ள சிறு தீவு அரச குடும்பம் இளைப்பாறிய இடம் என்பர். பிரித்தானியர் அதை வெடிமருந்துக் கிடங்காக்கினர். ஏரி வேலைக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களை மன்னர் ஏரிப்படுகையிலேயே கழுவேற்றினார் என்றொரு கதை வழிகாட்டி நூல்கள்தோறும் வருகிறது. அரசைக் கைப்பற்றிய தரப்புக்கு இந்தக் கதை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே அதை வாசிப்பது நல்லது.

ஏரி, சுவர், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ மூன்றையும் தேவேந்திர மூலாசாரி என்ற சிற்பாசாரியின் கைவண்ணமாக மரபு சொல்கிறது. ஏரிக்கரையில் உள்ளது ‘வலாகுளு பெம்ம’ எனப்படும் மேகச்சுவர். மாளிகையின் அகழியை ஒட்டியது ‘தியரெலி பெம்ம’ எனப்படும் நீரலைச்சுவர். சுவரின் மேல்விளிம்பு ஏறி இறங்கிச் செல்லும். உடலில் வரிசையாக முக்கோண மாடங்கள் திறந்திருக்கும். விழா இரவுகளில் தேங்காயெண்ணெய் விளக்கு வைப்பதற்காக விட்ட மாடங்கள் அவை. சுவர் ஏரியை முழுதாகச் சுற்றி வரவில்லை. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. மறு ஆண்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னர் 1832இல் அங்கேயே இறந்தார். சுவர் பாதியில் நின்றுபோனது.

காற்று எவ்வளவு தூரம் தடையில்லாமல் நீரின் மேல் வீசுகிறதோ அந்த அளவுக்குத்தான் அலை எழும்பும். இலங்கையின் தென்கரையில் மோதும் பெருநீரெழுச்சியில் ஒரு பங்கு, பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தென்பெருங்கடலில் பிறந்து வருவது. மலை சூழ்ந்த கண்டி ஏரியில் காற்றுக்கு அந்த ஓட்டம் கிடையாது. பிற்பகலில் சிறு நெளிவுகள் ஓடும், அவ்வளவுதான். சுவரில் வடித்த அலை, ஏரி என்றுமே எழுப்பாத உயரத்தில் நிற்கிறது.

ஒளிப்படக்காரர்கள் கண்டிக்கு வந்தபோது இந்த முரண் இன்னும் கூர்மையானது. 1860களில் இங்கே தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட அந்த முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். மலைநாட்டில் ஒரு காட்சியை எடுக்க இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தகடுகள், சுமக்க ஆட்கள் என்று ஒரு படையே நகர வேண்டியிருந்தது. ஒளிபுகு நேரம் பல நொடிகள் நீளும். அதற்குள் நீரின் நெளிவெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஏரி மெழுகிய தரையாகிவிடும். தகட்டுக்கு நீல நிறத்தில் கூச்சம் அதிகமாதலால் வானம் வெளுத்துப்போய் மேகங்களும் மறைந்துவிடும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1856–57 காலத்தில் கடலலைகளை எடுத்தபோது இதே இடர்ப்பாட்டைச் சந்தித்தார். சில படங்களில் கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரு எதிர்மறைகளை ஒட்டி அச்சிட்டே சமாளித்தார். கண்டியில் அந்த வித்தைக்குத் தேவை குறைவு. தகட்டில் தப்பிய மேகமும் அலையும் சுண்ணச்சாந்தில் வடித்தபடி கரையிலேயே நின்றன. அக்காலத்துக் கண்டிக் காட்சிகளில் சுவருக்குக் கிடைத்த முக்கியத்துவத்துக்கு, அது அசையாமல் நின்றதும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

லோட்டன் 1870–71இல் அநுராதபுரம், பொலநறுவை, சீகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைத் தொல்லியல் ஆவணமாகப் படமெடுத்தவர். அவர் பெயர் நிலைப்பதும் அந்தப் படங்களால்தான். அவருக்குப் பின், 1870களில், சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் நிலையம் திறந்து, பிறகு கொழும்புக்கும் விரிந்தார். ஸ்கோவன் நிறுவனத்தின் காட்சிகள் மரஞ்செடி, தோட்டம், ஏரி, துறைமுகம் எனப் பரந்தவை. பயணிகள் வாங்கித் தங்கள் ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டார்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்ததால் வாங்குவோருக்குக் குறைவில்லை.

1880 வாக்கில் உலர்தகடு கடைக்கு வந்தது. நொடியின் சிறு பின்னத்தில் படமெடுக்க முடிந்ததும் அலை எளிதாகப் படத்தில் உறைந்து நின்றது. அதற்கு இலங்கையில் வாய்த்த மேடை கொழும்பு அலைதாங்கி. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி 1885இல் முடிந்த அந்தத் தென்மேற்கு அலைதாங்கியில் பருவக்காற்றுக் காலத்தில் கடல் மோதி வெண்மையாக எழும் காட்சி, 1890இல் தொடங்கிய பிளாட்டே அன் கம்பனி போன்றோரின் விற்பனைப் படங்களிலும் தபாலட்டைகளிலும் வாடிக்கையாக இடம்பெற்றது. அதன்பின் அலை கொழும்பின் சரக்காகவும் அசையா நீர் கண்டியின் சரக்காகவும் பிரிந்துவிட்டன. இன்றைய சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் அந்தப் பங்கீடு மாறவில்லை. நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே நீர்தான்: ஏரியின் மிகைநீர் மெத எல வாய்க்காலில் இறங்கி, மகாவலியில் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது.

கரையின் மாற்றத்தைப் பழைய படங்கள் நன்றாகக் காட்டுகின்றன. அரசியர் நீராடிய மண்டபத்துக்குப் பிரித்தானியர் மேல்மாடி கட்டினர். அணைக்குக் கீழே இருந்த போகம்பரைக் குளம் தூர்ந்து கட்டடமாகியது. 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகராக அறிவித்தது. ஏரியின் நீரோ கழிவு சேர்ந்து பச்சைப்பாசி படியும் காலங்களைக் கண்டிருக்கிறது. சில படங்களில் அழகாகத் தோன்றும் அந்தப் பச்சை, நோயின் நிறம்.

இன்று படமெடுப்போர் பெரும்பாலும் ஏறுவது தெற்குக் குன்றின் ராஜபிஹில்ல மாவத்தைக்கு. அங்கிருந்து ஏரி, மாளிகை, பின்னணியில் உடவத்தக்கெலே காடு எல்லாம் ஒரே சட்டகத்தில் அடங்கும். கண்டி வடக்கு அகலாங்கு 7 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாயும். டிசம்பர், ஜனவரியில் தெற்கிலிருந்து விழும் வெயிலே வடகரைச் சுவருக்கு நேரான ஒளி. ஆனால் மாடங்களின் ஆழம் தெரிய வேண்டுமானால் காலை, மாலைப் பக்கவொளிதான் உதவும். காற்றில்லாத அதிகாலையில் சுவரின் வளைவு நீரில் தலைகீழாக விழ, இரண்டு அலைகள் எதிரெதிரே பொருந்தும். பலரும் ஒளிகுறைப்பு வடிகட்டி பொருத்தி நீரைப் பாலாக்கிவிடுகிறார்கள். கொலோடியன் காலத்தில் வேறு வழியின்றி வந்த தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்கும் கூத்து இது. வேகத்தைக் கூட்டி நெளிவுகளை அப்படியே எடுத்தால், மேலே சுவரின் பேரலை, கீழே ஏரியின் சிற்றலை என்ற பொருத்தமின்மை படத்தில் நிற்கும். சுவரைப் புரிந்துகொள்ள அந்தப் படமே மேல்.

ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும் எசல பெரஹர இரவுகளில் விளக்குகள் நீரில் இறங்கும்போது கூட்டத்தில் முக்காலி விரிப்பது கடினம்; ஏரியின் மறுகரையிலுள்ள மல்வத்தை விகாரைப் பக்கம் சற்று இடம் கிடைக்கும். மேலிருந்து எடுக்க ட்ரோன் கொண்டுவருவோர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.