டான் கூக்கின்

கணினி பொதுமக்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் புகுந்த காலத்தில், அதைப் பற்றி யாதொரு பயிற்சியும் இல்லாத சாதாரண வாசகருக்கென எழுதப்படும் கையேடுகளுக்குப் புதியதொரு வடிவத்தை ஏற்படுத்தித் தந்த அமெரிக்க நூலாசிரியர். 1991 நவம்பரில் வெளிவந்த இவருடைய 'டாஸ் ஃபார் டம்மீஸ்' ('மடையர்களுக்கான டாஸ்') என்னும் நூல், மஞ்சளும் கறுப்புமான அட்டையோடு பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய 'டம்மீஸ்' வரிசையின் முதல் நூலாகும்.

ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவனுக்கு அதன் உபயோகத்தை எளிய நடையில் எழுதிக் காட்டும் வழக்கம் கூக்கினோடு தொடங்கியதன்று. ஆங்கிலக் கவி சாஸர், 1391ஆம் ஆண்டளவில், பத்து வயதுச் சிறுவனான லூயிஸ் என்பவனை முன்னிலைப்படுத்தி, விண்மீன்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேபு என்ற கருவியைப் பற்றி, பண்டிதர்களின் பாஷையாகிய லத்தீனை விட்டு ஆங்கிலத்தில் எழுதிய உரையே இவ்வகைக்குப் பழைய உதாரணம். 1969இல் ஜான் மியூர் என்பவர் வோக்ஸ்வாகன் மோட்டாரை வீட்டிலேயே பழுதுபார்க்க விரும்புவோருக்காக எழுதிய புத்தகம், எண்ணெய் படிந்த கையோடு வேலை செய்பவன் பக்கம் புரளாமல் விரித்து வைத்துக்கொள்ளும்படி சுருள்கம்பியால் கட்டப்பட்டிருந்ததோடு, வாசகனை 'அசல் முட்டாள்' என்று தலைப்பிலேயே அழைத்து, கூக்கினுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது. 1982இல் பீட்டர் மெக்வில்லியம்ஸ் பழங்காலச் செதுக்குப் படங்களையும் பரிகாசத்தையும் கலந்து வெளியிட்ட கணினி நூல்களும் இவ்வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கவை.

இவற்றுக்கெல்லாம் பிறகும் இன்னொரு நூலுக்கு இடம் இருந்ததென்றால், அதற்குக் காரணம் டாஸ் என்ற இயக்கமுறையின் சுபாவமேயாகும். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கணினியோடு வந்த இம்முறையில், இயந்திரத்தை முடுக்கியவர் கண்டதெல்லாம் கரிய திரையின் இடது ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்தும், சில குறிகளும், அவற்றின் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடுமே. கட்டளையில் ஓரெழுத்துப் பிசகினாலும் அது ஏற்காது. கோப்புக்குப் பெயர் சூட்டுவதென்றால் எட்டு எழுத்துக்கு மேல் கூடாது, அதன்பின் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் மட்டுமே அனுமதி. ஃபிளாப்பி என்ற நெகிழ்தட்டைச் செருகாமல் அதற்குரிய 'ஏ' பகுதிக்குப் போக முயன்றால், 'அபார்ட், ரிட்ரை, ஃபெயில்?' என்று மூன்று வார்த்தைகளைக் காட்டி இயந்திரம் நின்றுவிடும். ஃபிளாப்பியைச் செருகி, 'ரிட்ரை' (மீண்டும் முயல்) என்பதற்குரிய 'ஆர்' எழுத்தை அழுத்தினால் காரியம் நடக்கும். ஃபிளாப்பியே கைவசம் இல்லையெனில் 'எஃப்' எழுத்தை அழுத்தி, அதன்பின் 'சி' எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டும். இவ்வளவுதான் பரிகாரம், ஆனால் இந்த இரண்டு வரியைத் தேடிப் பிடிப்பதற்கு, இயக்கமுறையின் இலக்கணத்தை முதலிலிருந்து ஒழுங்காகப் போதித்த அக்காலத்துக் கனத்த கையேடுகளில் எத்தனை பக்கம் புரட்டவேண்டியிருந்தது!

கூக்கின் சான் டியேகோ நகரத்துக் கணினிப் பத்திரிகையில் பணியாற்றி, பல கணினி நூல்களையும் எழுதிப் பழகியவர். டாஸைப் பற்றி ஒன்றுமே அறியாத தன்போன்ற மடையனுக்கு ஏற்ற புத்தகம் உண்டா என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் கடையில் கேட்டதாகவும், அச்செய்தி ஐ.டி.ஜி. புக்ஸ் என்ற பிரசுர ஸ்தாபனத்தை நடத்திய ஜான் கில்கல்லனின் காதுக்கு எட்டியதாகவும், இவ்வரிசையின் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்கிவருகிறது. முதற்பதிப்பு 7,500 பிரதிகளே. விலை கொடுத்து வாங்குகிறவனையே இழிவுபடுத்தும் தலைப்பு என்று கருதிப் புத்தக வியாபாரிகள் சிலர் ஆரம்பத்தில் தயங்கினர், வாசகர்களோ தயங்கவில்லை.

நூலின் சிறப்பு அதன் நகைச்சுவையில் உள்ளதென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்நகைச்சுவை எல்லா இடத்திலும் சுவைப்பதாகச் சொல்வதற்கில்லை. உண்மையான புதுமை வேறு. முந்திய நூலாசிரியர்கள் வாசகன் கற்க விரும்புகிறான் என்று கொண்டார்கள். கூக்கினோ, அவன் கற்க விரும்பவில்லை, தடைப்பட்ட தன் வேலையை முடித்துக்கொண்டு புத்தகத்தை மூடவே விரும்புகிறான் என்று கொண்டார். ஆதலால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முன்பக்கங்களின் துணையின்றி விளங்கும்படி ஒவ்வொரு பகுதியும் தனித்து அமைந்தது. தொழில்நுட்ப விளக்கங்கள் ஓரத்தில் சித்திரக்குறியிட்டு, விரும்பாதவர் தாண்டிச் செல்லலாம் என்ற அனுமதியோடு ஒதுக்கப்பட்டன. பரிகாசமும் பெரும்பாலும் வாசகன்மீது பாயாமல், புரியாத பாஷை பேசும் இயந்திரத்தின்மீதும் அதைப் படைத்தவர்கள்மீதுமே பாய்ந்தது. அட்டையில் 'மடையன்' என்று அழைக்கப்பட்டவன், உள்ளே தான் அவ்வாறு நடத்தப்படவில்லை என்று கண்டுகொண்டதே விற்பனையின் ரகசியம் எனலாம்.

வரிசை விரைவில் பெருகியது. 1992இல் ஆண்டி ராத்போன் விண்டோஸைப் பற்றியும், டேவிட் போக் மெக்கின்டாஷைப் பற்றியும் எழுதினர். மறு ஆண்டில் வேறொரு பதிப்பகம் 'முட்டாள்'களுக்கென்றே போட்டி வரிசை ஒன்றைத் தொடங்கியது. 1994இல் எரிக் டைசனின் சொந்த நிதி நிர்வாக நூலோடு கணினியின் எல்லையைத் தாண்டிய இவ்வரிசை, 2001 முதல் வைலி பதிப்பகத்தின் உடைமையாக இருந்துவருகிறது.

கூக்கின் மட்டும் பெரும்பாலும் இயந்திரங்களோடேயே நின்றுவிட்டார். இத்தொழிலின் விசித்திரம், நூலாசிரியரின் உழைப்பை மென்பொருள் நிறுவனத்தின் அடுத்த வெளியீடு பழையதாக்கிவிடுவது. அதுவே அவருக்கு அடுத்த பதிப்புக்கான வேலையையும் அளிக்கிறது. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்து பரவியபின் டாஸ் திரை பலருக்கு மறந்தே போயிற்று. ஆயினும் 'பிசீஸ் ஃபார் டம்மீஸ்' பத்துக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது; வேர்டு, மடிக்கணினி, ஆண்ட்ராய்டு கைப்பேசி என்று பொருள் மாறியதேயன்றி வாசகன் மாறவில்லை. ஐடஹோ மாநிலத்துக் கோர்டலீன் நகரில் குடியேறிய அவர், 2011 தேர்தலில் வென்று அந்நகர்மன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். இயந்திரத்தின் உள்ளே நடப்பதை அறியவேண்டாதவர்களுக்காகவே பெரிதும் எழுதிய இவர், அதை அறியத் துடிப்பவர்களுக்கென 'சி' நிரலாக்க மொழியைப் பற்றியும் நூல்கள் இயற்றியுள்ளார்.