ஊட்டி டிரவுட்டும் நம் கண்மாய் ஜிலேபியும்

சித்திரை, வைகாசியில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நம் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா வைப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே சுற்று வட்டாரத்துக்குச் சொல்லி விடுவார்கள். விடிவதற்குள் கரை நிரம்பிவிடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசியதும் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கும். ஊத்தா, கச்சா, பரி என்று கையில் இருப்பதைக் கொண்டு பிடிக்க வேண்டியதுதான். ஒன்றும் இல்லாதவர்கள் கொசுவலையையோ பழைய சேலையையோ நாலு முனையும் பிடித்து இழுப்பார்கள். அகப்பட்டது அகப்பட்டவருக்கு. அன்று பிடித்ததை விற்பது வழக்கமில்லை. சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போனாலும் மீன் குழம்பு வாசம்தான்.

இதே தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு மீன்பிடிப்பும் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. நீலகிரி மலையில், டிரவுட் என்ற மீனுக்காக. அங்கே முதலில் சீட்டு வாங்க வேண்டும். ஓடையில் ஒருவர் தனியாக நின்று தூண்டில் வீச வேண்டும். முள்ளில் புழு கோர்ப்பது இழுக்கு. கோழி இறகையும் நூலையும் வைத்து ஈ மாதிரி கட்டிய பொய் இரையைத்தான் தண்ணீரின் மேல் மிதக்கவிட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் என்று கணக்கு உண்டு. சொன்ன அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப ஓடையில் விட்டுவிட வேண்டும். ஆவுடையார்கோவில்காரனுக்கு இந்த மீனோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதன் வரலாற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் நம் கண்மாய்க் கரையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் ஏரி வெட்டினார், வீடு கட்டினார், இங்கிலாந்துக் காய்கறி போட்டார். துரைமார்களுக்கு அந்தக் குளிரும் புல்வெளியும் ஓடையும் சொந்த ஊர் மாதிரியே இருந்தன. ஒரே ஒரு குறை. ஓடையில் டிரவுட் இல்லை. மலை உச்சி ஓடைகளில் பெரிய மீன் என்று சொல்ல எதுவுமே இல்லை. கீழே பவானியில் துள்ளும் மீன் அத்தனை அருவிகளையும் தாண்டி மேலே ஏற முடியாதல்லவா.

முதலில் முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவர். இந்திய மீன்களைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதிய பெரிய நூலை மீன் ஆராய்ச்சி செய்பவர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள். 1863-ல் அவர் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை வரவழைக்க முயன்றார். முட்டைகள் வழியிலேயே செத்துப் போயின. சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது, அது திறந்ததே 1869-ல்தான். குளிர்ந்த தண்ணீரில் இருக்க வேண்டிய முட்டை செங்கடல் வெயிலைத் தாண்டி எப்படி வரும்? ஆனால் அடுத்த வருஷமே, 1864-ல், நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டி அறை அமைத்து, பாசிக்குள் பொதிந்து, மூன்று மாதப் பயணத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் அங்கிருந்து டாஸ்மேனியாவுக்கும் உயிரோடு முட்டை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போயிற்று. ஆக, பூமியின் அடிப்பக்கத்துக்குப் போன மீன் உதகைக்கு மட்டும் வரவில்லை. 1870களில் டென்ச் போன்ற சில இங்கிலாந்து மீன்கள் உதகை ஏரிக்கு வந்து பிழைத்தன. டிரவுட் பிழைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் என்று ஒரு சட்டம் 1879-லேயே வந்துவிட்டது. இன்ன காலத்தில் வேட்டையாடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, சீட்டு இல்லாமல் போகக் கூடாது என்பதற்கான சட்டம். டிரவுட் நீலகிரியில் வேர்பிடித்ததோ அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத்தான். மீன் வருமுன்பே அதற்குக் காவல் வந்துவிட்டது. நம் குறவைக்கும் அயிரைக்கும் அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. 1897 மீன்வளச் சட்டம் வெடி வைக்காதே, தண்ணீரில் விஷம் கலக்காதே என்று பொதுவாகச் சொன்னதோடு சரி.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எல்லோரும் நம் மீன்களை மதிக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எச்.எஸ். தாமஸ் என்று சென்னை மாகாண சிவில் அதிகாரி ஒருவர். 1873-ல் மங்களூரில் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அது போதாதென்று 1887-ல் ஏரி, குளத்து மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே தனியாக ஒன்று எழுதினார். கெண்டையும் விராலும் துரைமார்கள் மதிக்கத்தக்க மீன்தான் என்பது அவர் கட்சி. அதற்கும் முன்பே, 1797-ல், தரங்கம்பாடியில் இருந்த டேனியக் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப், பனையேறிக் கெண்டை மரம் ஏறுவதைக் கண்டதாக லண்டன் லின்னேயன் சங்க இதழில் எழுதி ஐரோப்பாவையே வாய் பிளக்க வைத்தார். மழை நாளில் வரப்பில் அது தத்திப் போவதைப் பார்த்த நமக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

டிரவுட்டுக்கு விடிவு பிறந்தது சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் காலத்தில். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ஜெர்மனி மாதிரி இங்கும் கிராமங்களில் கூட்டுறவு வங்கி வேண்டும் என்று 1890களில் அறிக்கை எழுதியவர் அவர்தான். அதே மனிதர்தான் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டார். அவர் அக்கறை கடற்கரை மீனவர், கருவாடு, உப்பு, மீன் எண்ணெய் பற்றியது. ஆனால் அந்தத் துறை உருவான அதே 1907-ல், எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரின் பொறுப்பில், உதகைக்கு மேற்கே அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகமும் வந்தது. மகன் மீனவனுக்கும் மருமகன் துரைக்குமாக ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

வில்சன் வரவழைத்தது பழைய பழுப்பு டிரவுட்டை அல்ல. ரெயின்போ என்ற அமெரிக்க இனத்தை. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். முட்டைகள் இலங்கையிலிருந்தும், ஜெர்மனியிலிருந்தும், நியூசிலாந்திலிருந்தும் வந்தன. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் 1880களிலேயே டிரவுட் விட்டு, 1896-ல் அதற்கென்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருச்சிச் சீமை ஜனங்கள் எத்தனை பேர் என்று இங்கே பல வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

1980களில் உதகையில் சில காலம் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவலாஞ்சிக்குப் போய் வந்தேன். பொரிப்பகத்து ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். டிரவுட் குளிர்காலத்தில் சினைப்படும். தாய் மீனைத் துணியில் பிடித்து, வயிற்றை மெல்லக் கையால் வழித்தால் முட்டைகள் பாத்திரத்தில் விழும். மல்லி விதை அளவு, ஆரஞ்சு நிறம். ஆண் மீனையும் அதேபோல் வழித்து, விந்தை அதன் மேல் விட்டு, இறகால் கலந்துவிட்டு, பிறகே தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நாளில் முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் கண். கண் தெரிந்த முட்டையைத்தான் தூர தேசத்துக்கு அனுப்பலாம். அதற்கு முன் அசைத்தால் செத்துப்போகும். ஒரு கிலோ எடைத் தாய்க்குச் சுமார் 2000 முட்டைதான். நம் கட்லாவும் ரோகுவும் லட்சக்கணக்கில் இடுகிற இடத்தில் இது பிச்சைக் காசு. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம் கண்மாயில் சித்திரை மாதம் கால் வைத்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் சூடு தெரியும்.

மீனைச் சாப்பிட்டும் பார்த்தேன். முள் குறைவு, சாதுவான ருசி. வெண்ணெயில் வாட்டி எலுமிச்சை பிழிந்து தின்பவர்களுக்குச் சரி. நம் புளிக்குழம்பில் போட்டால் அது இருந்த இடமே தெரியாது.

பொய் ஈ கட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மேற்கு மலைக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி உண்டு. அதன் சேவலின் கழுத்து இறகில் மெழுகுத் துளி போல மின்னும் புள்ளிகள் இருக்கும். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆறுகளில் சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் ஈ கட்ட அந்த இறகுக்கு இணை இல்லை என்று, கட்டுக் கட்டாகக் கப்பலேறியது. பின்னாளில் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். நாம் அவர்கள் மீனை வாங்கினோம், அவர்கள் நம் கோழியை வாங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் போனார்கள், டிரவுட் தங்கிவிட்டது. 1938-ல் முக்குருத்தி அணை, பிறகு கனடா நாட்டு உதவியோடு குந்தா மின் திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகள் வந்தன. டிரவுட்டுக்கு ஓடையோடு ஏரிகளும் கிடைத்தன. 1990-ல் முக்குருத்தி தேசியப் பூங்கா ஆனதும் அந்தப் பகுதிக்குக் காட்டுச் சட்டம் வந்து தூண்டிலுக்கு இடமில்லாமல் போயிற்று. வரையாட்டைக் காக்க வேண்டிய காட்டில் வெளிநாட்டு மீனுக்கு என்ன மரியாதை என்ற கேள்வி நியாயமானதுதான். நூறு வருஷம் கழித்தும் பொரிப்பகத்தின் கைத்தாங்கல் டிரவுட்டுக்கு வேண்டியிருக்கிறது. அதனால் மலையை விட்டு அது இறங்கவே இல்லை, யாருடைய இடத்தையும் பெரிதாகப் பறிக்கவும் இல்லை என்பது என் கணிப்பு.

இறங்கியது வேறு மீன். இலங்கையிலிருந்து 1939-ல் நீலகிரிக்கு இன்னொரு மீன் வந்தது. கண்ணாடிக் கெண்டை என்கிற ஜெர்மன் கெண்டை. அதன் சொந்தக்கார இனம் ஒன்று 1957-ல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு வந்தது. சாதாக் கெண்டை என்று நம் கண்மாய்களில் இப்போது விடுவது இந்த வம்சந்தான். அதே 1957-ல் ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தார். வங்காளத்துக் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் கேனில் அடைபட்டு ஊர் ஊராகப் போக அதுவே வழி திறந்தது.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஜிலேபி. திலேப்பியா என்பது நிஜப் பெயர். ஊர் ஆப்பிரிக்கா. 1939-ல் ஜாவாத் தீவில் எப்படியோ தென்பட்டு, போர்க் காலத்தில் ஆசியா முழுக்கப் பரவி, 1952-ல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவுக்குள் வந்தது. தொடக்க ஆராய்ச்சிகள் நடந்தது நம் மண்டபத்தில். ஜனங்களை இலங்கைக்கு அனுப்புமுன் அடைத்து வைத்திருந்த அதே மண்டபம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஜனங்களில் பலர் திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்துக்காக நீலகிரிக்கே போய்க் குடியேறினார்கள். மீனுக்கும் மனிதர்களுக்கும் ஒரே கடல், ஒரே வழி.

ஜிலேபிக்குச் சீட்டும் வேண்டாம், பொரிப்பகமும் வேண்டாம். தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். ஆபத்து என்றால் குஞ்சுகள் மறுபடி வாய்க்குள் ஓடிவிடும். இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயார். சூடான தண்ணீர், கலங்கல், கொஞ்சம் உப்பு, எதற்கும் அசையாது. ஏழை வீட்டுக்குப் புரதம் என்றுதான் கொண்டுவந்தார்கள். அந்த வாக்கை அது காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி வேலை முடிந்து வருகிறவர் வாங்கக்கூடிய மீன் இன்றைக்கும் அதுதான்.

ஆனால் கண்மாய்க்கு விலை உண்டு. ஆயிரம் கண்மாய்க்கு ஆயிரம் விதமாக இருந்த மீன்கள் குறைந்துவிட்டன. கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்து முதல் மழைக்கு எழுந்து வரும் குறவை, குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் போகும் விரால், மணலில் நெளியும் அயிரை, இவை வெள்ளாற்றுத் தண்ணீரோடு தாமாக வந்தவை. யாரும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. ஜிலேபி மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வயலில் தெளிக்கும் மருந்து, தூர்ந்துபோன வரத்துக்கால், சீமைக்கருவேல், மீன்பாசி ஏலம் எல்லாமே சேர்ந்துகொண்டன. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க, சீக்கிரம் எடை ஏறும் மீனைத்தான் விடுவார். அயிரை வளர்க்க யார் குத்தகை எடுப்பார்கள்?

நம் ஊருக்கு இது புதிய சங்கதியும் இல்லை. கடல் கடந்து வரும் குதிரைக்கு அரிமர்த்தன பாண்டியன் பொன்னைக் கொடுத்தனுப்ப, அதை மாணிக்கவாசகர் இங்கே கோவிலுக்குச் செலவழித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெளியிலிருந்து வரும் உயிர்ச் சரக்கின் மேல் ராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் உள்ள மோகம் பழையது.

மீன்பிடித் திருவிழா இப்போதும் நடக்கிறது. ஏலம் விடாத கண்மாய்களில் துண்டு வீசுகிறார்கள், கூட்டம் இறங்குகிறது. பையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஜிலேபி, நடுவே நாலைந்து கட்லா. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். விரால் கிடைத்தவரைச் சுற்றி இளவட்டங்கள் கைபேசியோடு நிற்கிறார்கள், படம் எடுக்க.