மாநக்கவாரத்தின் குடும்பத் தோப்புகள்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என இடம்பெறுவது இன்றைய நிக்கோபார்த் தீவுக்கூட்டம். அத்தீவுகளின் செல்வம் தென்னை. கடல்வழி வந்த வணிகர் துணியும் இரும்பும் கொடுத்துத் தேங்காய் பெற்றுச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டிலும் பண்டங்களின் விலை அங்கே தேங்காய்க் கணக்கில்தான் சொல்லப்பட்டது.

கார் நிக்கோபாரில் தோப்பு தனியொருவரின் சொத்தன்று. ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலத்தையும் தென்னையையும் பன்றிகளையும் பொதுவில் வைத்து ஆண்டுவந்தது. யார் எப்பகுதியில் பயன்கொள்வது என்பதில் குடும்பத் தலைவரின் சொல்லே முடிவு. இளநீர், கொப்பரை, கள், பன்றிக்குத் தீனி என அனைத்தையும் தந்தது அத்தோப்பே. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6, 7 ஆண்டுகள் ஆகும். பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் காய்க்கும். ஆகவே பாட்டன் வைத்த கன்றின் பயனைப் பேரன் துய்த்தான். அவன் வைத்தது அவனுடைய பேரனுக்கு.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கரையோரத் தோப்புகளை அழித்தது. நிலநடுக்கத்தில் தரையே தாழ்ந்ததால் சில தோப்புகள் நிலையாகக் கடலுக்குள் போயின. அதன்பின் வந்த நிவாரணத் தொகையோ கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட சிறுகுடும்பத்தை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டது. பொதுவில் ஆளப்பட்ட செல்வம் தனித்தனி வங்கிக் கணக்குகளாகப் பிரிந்தது. பணத்தோடு பிணக்கும் வந்தது.

பேரலைக்குப் பின் நட்ட கன்றுகள் காய்க்கும் பருவத்தை எட்டிவிட்டன. அவற்றின் காய் துஹெத்துக்கா, தனி வீட்டுக்கா என்பதே இன்று அத்தீவின் முன் நிற்கும் வினா.