மதுவிலக்கு முதல் கஞ்சா வேட்டை வரை: திருவண்ணாமலை வட்டாரத்தில் போதைக் கடத்தல் தடுப்பு வரலாறு

திருவண்ணாமலை என்றவுடன் அண்ணாமலையார் கோயிலும், கார்த்திகை தீபமும், பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் நடந்து வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நினைவுக்கு வரும். இந்நகரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வடமேற்கே சவ்வாது மலை, தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே கல்வராயன் மலை என இரு மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட வட்டாரம் இது. சாராயம், கஞ்சா, சந்தனம், செம்மரம் ஆகியவற்றின் கள்ள வணிகத்தையும், அதை அடக்க அரசுகள் எடுத்த முயற்சிகளையும் இப்பகுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டு வருகிறது. அந்த முயற்சிகளின் வரலாற்றையும், அவை எங்கே வென்றன, எங்கே தவறின என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் மக்களும்

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலை வட்டம், 1911இல் வட ஆர்க்காடு மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் உருவானது. சவ்வாது மலையின் ஒரு பகுதி இம்மாவட்டத்தில் அடங்கும். ஜமுனாமரத்தூர் அதன் மையமான ஊர்.

மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கு பொருள். சாமை சாகுபடி, தேன், கடுக்காய், புளி சேகரிப்பு ஆகியவை அவர்களுடைய மரபான தொழில்கள். மானாவாரி நிலத்தில் ஒரு போகம் முடிந்தால் மீதி மாதங்களுக்கு வேலை தேடி இறங்க வேண்டும். கடத்தல் கும்பல்கள் காலந்தோறும் ஆள் பிடித்தது இந்த வெற்று மாதங்களில்தான்.

வரி வசூலித்த அரசு

ஆங்கிலேய அரசு தொடக்கத்தில் போதைப்பொருளைக் குற்றமாகப் பார்க்கவில்லை, வருவாயாகவே பார்த்தது. 1878ஆம் ஆண்டின் அபினிச் சட்டமும் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டமும் உற்பத்தியையும் விற்பனையையும் உரிமம், ஏலம், வரி ஆகியவற்றின் கீழ் கொண்டுவந்தன. உரிமம் பெற்றவர் வணிகர் ஆனார். உரிமம் இல்லாமல் அதே பொருளைக் காய்ச்சியவர் குற்றவாளி ஆனார்.

கஞ்சாவின் பயன்பாட்டை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அடுத்த ஆண்டு தன் அறிக்கையை முடித்தது. அது ஆராய்ந்த பயிரிடும் பகுதிகளில் வட ஆர்க்காட்டின் சவ்வாது மலையும் ஒன்று. முழுத் தடை விதித்தால் கள்ள வணிகம் பெருகும்; ஆகவே கட்டுப்பாடும் வரியுமே போதும் என்பது ஆணையத்தின் முடிவு. கஞ்சா தொடர்பான அரசின் கொள்கை பல பத்தாண்டுகள் இந்த வழியிலேயே சென்றது.

1939: வட ஆர்க்காட்டில் மதுவிலக்கு

விடுதலைப் போராட்டத்தின்போது கள்ளுக்கடை மறியல் காங்கிரசின் முக்கிய நடவடிக்கைகளில் ஒன்றாக இருந்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையில் ஆட்சி அமைந்ததும் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களும், 1939 அக்டோபர் 1 அன்று வட ஆர்க்காடும் இதன் கீழ் வந்தன. திருவண்ணாமலையின் கள்ளுக்கடைகள் மூடப்பட்டது இவ்வாறே.

ஆப்காரி வரி மாகாண வருவாயில் பெரும் பங்கு வகித்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இன்று நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டுள்ள விற்பனை வரி தமிழகத்தில் மதுவிலக்கோடு சேர்ந்தே பிறந்தது என்பது மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

வட ஆர்க்காட்டில் மதுவிலக்கு தொடங்கிய அதே மாத இறுதியில், இரண்டாம் உலகப் போரை ஒட்டி இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. ஆளுநர் ஆட்சி 1944இன் தொடக்கத்தில் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. மக்களாட்சி திரும்பியபின் 1946 முதல் படிப்படியாக அது மீட்கப்பட்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47ஆம் பிரிவும், மருத்துவத் தேவை தவிர்த்த மது, போதைப்பொருள் பயன்பாட்டைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது.

மலை ஏறிய அடுப்புகள்

கடை மூடியதால் குடிப்பழக்கம் பலரிடம் குறைந்தது. ஆயினும் வேட்கை முற்றிலும் மறையவில்லை. சமவெளியில் காவல்துறையின் கண் பட்டதால் சாராய அடுப்புகள் மலையேறின. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானைகளிலும் பேரல்களிலும் ஊறவைத்துக் காய்ச்சும் 'ஊறல்', ஓடை நீரும் விறகும் மறைவும் கிடைக்கும் இடத்தில் எளிதாக நடந்தது. சவ்வாது மலையும் கல்வராயன் மலையும் இம்மூன்றையும் தந்தன.

ஊறலைக் கண்டுபிடித்து அழிப்பதே நெடுங்காலம் மதுவிலக்கு நடவடிக்கையின் முகமாக இருந்தது. இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்ற செய்தி இன்றும் இம்மாவட்டத்தில் வருகிறது. அழிக்கப்பட்ட பேரல்களுக்குப் பதில் புதியவை வாங்கிக்கொடுப்பவர் மலையில் இருப்பதில்லை. வெல்லத்துக்கு முன்பணம் கொடுப்பவரும், சரக்கை லாரி ட்யூப்களில் இறக்கிச் சில்லறைக்குப் பிரிப்பவரும் அடிவார ஊர்களில் இருந்தனர். பிடிபட்டவர் பெரும்பாலும் அடுப்பின் அருகே நின்றவரே.

மாறி மாறி வந்த கொள்கை

1971 ஆகஸ்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987இல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1990இல் வந்த மலிவு விலை மது 1991 ஜூலையில் ஜெ. ஜெயலலிதா அரசால் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம் வந்தது.

இதன் விளைவாக அரசு ஒரே நேரத்தில் விற்பவராகவும் தடுப்பவராகவும் ஆனது. டாஸ்மாக் மதுவை வாங்க இயலாத தினக்கூலிகளே பாக்கெட் சாராயத்தின் வாடிக்கையாளர்களாக எஞ்சினர். விலை வேறுபாடே கள்ளச் சந்தையின் முதலீடாக அமைந்தது.

இரண்டு சட்டங்கள்

1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14, பொதுவழக்கில் 'குண்டர் சட்டம்' எனப்படுகிறது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர் முதலியோரை விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க இது வழிசெய்கிறது. காவலை அறிவுரைக் கழகம் ஆராய வேண்டும். உயர் நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம். நடைமுறைக் குறைபாடுகளைக் காட்டி நீதிமன்றம் பல காவல் ஆணைகளை ரத்து செய்திருக்கிறது. விரைவான கருவி என்பது இதன் பலம். குற்றத்தை நிரூபிக்காமலே ஒருவரைச் சிறையில் வைப்பது இதன் ஆபத்து.

1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அந்தக் கெடுவை ஒட்டி இந்தியா 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் அமைக்கப்பட்டது. ஆப்காரி காலத்தில் வரி கட்டி விற்ற கஞ்சா இப்போது கடும் தண்டனைக்குரிய பொருளானது. வழிபாட்டுக்காகவோ துறவு மரபுக்காகவோ கஞ்சா புகைக்க இச்சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. எனவே கிரிவலப் பாதையில் கஞ்சா விற்பவருக்கும் நகரத்தின் வேறு தெருவில் விற்பவருக்கும் சட்டம் ஒன்றே.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை அளவோடு இணைத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு சிறை உண்டு. தாமாகச் சிகிச்சைக்கு முன்வரும் பழக்க அடிமைக்கு வழக்கிலிருந்து விடுபட ஒரு வழியும், கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இதே சட்டத்தில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், புலனாய்வு அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது.

கஞ்சா வேட்டை

இன்று தமிழகத்துக்கு வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைக்காடுகளில் விளைகிறது. அங்கிருந்து ரயிலிலும் சரக்கு வாகனங்களிலும் வந்து, ஒரு பகுதி இங்கேயே விற்கப்படுகிறது. மறுபகுதி கடற்கரை வழியே இலங்கைக்குக் கடத்தப்படுகிறது. வடக்கிலிருந்து வரும் ரயில்கள் நிற்கும் காட்பாடி சந்திப்பிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதை திருவண்ணாமலை வழியாகவே போகிறது. வெளியூர்க் கூட்டம் ஓயாத கோயில் நகரில் புதிய முகம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை.

2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்ற மாநிலம் தழுவிய நடவடிக்கையைத் தொடங்கி, அடுத்த ஆண்டுகளிலும் பல கட்டங்களாகத் தொடர்ந்தது. சில்லறை விற்பனையாளரைப் பிடிப்பதோடு நில்லாமல், கடத்தல்காரர், உறவினர் ஆகியோரின் வங்கிக் கணக்குகளை முடக்கியது இதன் சிறப்பு. 2022 ஆகஸ்ட் 10 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் மாவட்ட ஆட்சியர்கள், காவல் கண்காணிப்பாளர்கள் மாநாட்டை நடத்தினார். மறுநாள் பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கப்பட்டது.

செம்மரமும் கூலி ஆள்களும்

திட்டமிட்ட குற்றக் கும்பல்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதற்கு இம்மாவட்டம் கண்ட மிகத் துயரமான சான்று போதைப்பொருள் தொடர்பானதன்று. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த தொழிலாளர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பிடித்துவைத்துச் சுட்டதாக உறவினரும் மனித உரிமை அமைப்புகளும் குற்றம் சாட்டினர்.

சவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. மரம் வெட்டும் கைத்திறன் அம்மக்களிடம் இருந்தது, வேலை இல்லை. இடைத்தரகர் முன்பணம் தந்து அழைத்துச் சென்றார். வெட்டிய மரம் வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போய் பெரும் பணமாக மாறியது. அந்தப் பணத்தைப் பார்த்தவர் யாரும் அன்று காட்டில் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்ற பழமொழி இங்கே உயிர்களின் கணக்காகிறது.

ஊறலிலிருந்து மெத்தனாலுக்கு

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நச்சுச் சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டிலும் கொன்றது தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். உடலில் இது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுத்து உயிரைப் பறிக்கிறது.

ஊறல் போட இடமும் நாள்களும் வேண்டும். புகையும் மணமும் காட்டிக்கொடுக்கும். மெத்தனாலுக்கு இவை வேண்டாம். ஒரு பேரலும் தண்ணீரும் போதும். ஆகவே அடுப்பை மட்டும் தேடும் காவல்முறை இங்கே பயன்படாது. வேதிப்பொருள் கிடங்கு முதல் சில்லறைக் குடிசை வரை உள்ள சங்கிலியைத் தொடர வேண்டும்.

கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு ஏற்படுத்தும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்பட்டன. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. இதற்கிடையே 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, போதைப்பொருள் கடத்தலை உள்ளடக்கிய 'திட்டமிட்ட குற்றம்' என்பதை நாடு முழுவதற்கும் தனிக் குற்றமாக வரையறுத்தது.

வரலாறு காட்டும் பாடம்

ஆப்காரி ஏலம் முதல் கஞ்சா வேட்டை வரை சட்டங்கள் மாறின, பொருள்களும் மாறின. மாறாதது ஒன்று உண்டு. முதல் போடுபவர், தரகர், சுமப்பவர், வாங்குபவர் என்னும் நால்வரில் சட்டத்தின் கை எளிதில் எட்டியது கடைசி இருவரையே. பிடிபட்ட ஒருவருக்குப் பதில் வறுமை இன்னொருவரை அனுப்பியது. கும்பல் நட்டமின்றித் தொடர்ந்தது.

அரசின் நடவடிக்கைகளில் பயன் தரக்கூடியவை எவை என்பதும் இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகிறது. வங்கிக் கணக்கையும் சொத்தையும் முடக்குவது முதல் போடுபவரைத் தொடுகிறது. மெத்தனால் இருப்பைக் கணக்கில் வைப்பது தரகரின் கையைக் கட்டுகிறது. சாராயத் தொழிலை விட்டவருக்குக் கறவை மாடோ சிறு கடையோ வைத்துத்தரும் மறுவாழ்வுத் திட்டமும், சாமைக்கும் தேனுக்கும் நியாய விலையும் சுமப்பவரைக் கும்பலிடமிருந்து பிரிக்கின்றன. போதை மீட்பு சிகிச்சை வாங்குபவரின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. பிடிபட்டோர் தொகையையும் அழித்த ஊறலின் லிட்டரையும் மட்டும் வைத்து ஓர் அரசின் வெற்றியை அளக்க முடியாது. வெற்று மாதங்களில் சவ்வாது மலை இளைஞர் ஒருவருக்குத் தரகர் நீட்டும் முன்பணத்தை மறுக்க முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.